ஆமைக்குட்டிக்கு வீட்டுக்குள்ள பெட்டி கட்டுறது: திரும்பத் திரும்ப என்கிட்ட வர்ற கேள்விங்க

நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல வயரிங் வேலை பாக்கறவன், மிருக டாக்டர் இல்ல. வீட்ல ரெண்டு சல்காட்டா ஆமை இருக்கு, பெருசு பேரு போண்டா, சின்னது உளுந்து. ஃபேன் மாட்ட ஒரு வீட்டுக்குப் போனா அங்க ஒரு பையன் ஐஸ்கிரீம் டப்பாவுல ஆமைக்குட்டிய வெச்சுக்கிட்டு நிப்பான், கோயில்ல பாத்தா அவங்க அம்மா புடிச்சுக்குவாங்க, அதே பத்து கேள்வி. வாயால சொல்லி சொல்லி தொண்டை போச்சு, அதான் எழுதி வெச்சுட்டேன்.

அண்ணே, ஆமைதானே, மீன் தொட்டியில தண்ணி ஊத்தி விட்டுரலாமா?

வேணாம், செத்துரும். நம்ம தமிழ்ல தண்ணியில இருக்கறதுக்கும் தரையில இருக்கறதுக்கும் ஆமைனு ஒரே பேரு, கொழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. பினாங்கு கெக் லோக் சி கோயில் குளத்துல கங்கோங் வாங்கிப் போடுவோமே, அது தண்ணி ஆமை. கடையில இப்ப விக்கிற சல்காட்டா, லெபர்ட், நட்சத்திர ஆமை எல்லாம் தரை ஆமை, நீந்தத் தெரியாது.

காலைப் பாருங்க. விரலுக்கு நடுவுல தோல் இருந்தா தண்ணி ஆமை. யானைக்கால் மாதிரி உருண்டையா, முன்னாடி நகம் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தா தரை ஆமை. கீழ நான் சொல்றதெல்லாம் சல்காட்டா குட்டிய வெச்சு சொல்றது.

லைசென்ஸ் வேணுமா? கடைக்காரர் ஒண்ணும் வேணாம்னு சொல்றாரே.

கடைக்காரர் சொல்றத நம்பாதீங்க, இனத்தோட பேரச் சொல்லி பெர்ஹிலித்தான் ஆபீஸ்ல, அதான் வனவிலங்கு இலாகாவுல, நீங்களே கேளுங்க, அதுவும் வாங்கறதுக்கு முன்னாடி. தீபகற்ப மலேசியாவுல இதுக்கு 2010-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நட்சத்திர ஆமைதான் ரொம்ப ஆபத்து, 2019-லேருந்து சைட்டிஸ்ங்கற, அழிஞ்சு போற உயிரினங்கள விக்கறதக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தத்துல முதல் பட்டியலுக்குப் போயிடுச்சு, அதாவது உலக அளவுல வியாபாரத்துக்கே தடை. யாராச்சும் மலிவா, கையோட கையா தர்றேன்னு சொன்னா அது கடத்திட்டு வந்ததா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. ரசீது, பேப்பர் இல்லாம எதையும் வாங்காதீங்க.

எங்கப்பா செம்பனைக் காட்டுல ஒண்ணு புடிச்சிட்டு வந்தாரு, அத வளக்கலாமா?

எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விடுங்க, இல்லாட்டி பெர்ஹிலித்தானுக்கு போன் போடுங்க. நம்ம காட்டுல இருக்கற பழுப்பு பானிங் ஆமை ஆசியக் கண்டத்துலயே பெரிய தரை ஆமை, அழிஞ்சு போற நெலையில இருக்கு. பெட்டியில வெக்கிற சாமான் இல்ல அது.

பெட்டி எவ்ளோ பெருசு இருக்கணும்? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

ஒரு குட்டிக்கு நாலடிக்கு ரெண்டடி இருந்தா நல்லது. குட்டி உள்ளங்கைக்குள்ள அடங்குறப்போ இது பெருசாத்தான் தெரியும், ஆனா ஒரு பக்கம் சூடா, இன்னொரு பக்கம் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும்னா அந்த நீளம் வேணும். சின்ன டப்பாவுல பல்பு மாட்டினா மொத்த டப்பாவும் சூடாயிடும், குட்டிக்கு ஓடி ஒளிய எடம் இருக்காது.

நான் துணி அடுக்குற பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூடியோட உள்ளது, வாங்கி மூடியில சதுரமா ஒரு ஓட்டை வெட்டிக்கிட்டேன். கண்ணாடித் தொட்டியும் பரவாயில்ல, ஆனா கண்ணாடின்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குப் புரியாது, நாள் முழுக்க சுவத்த சொரண்டிக்கிட்டே நடக்கும். கீழ ஒரு ஜாண் உயரத்துக்கு வெளிப்பக்கமா பேப்பர் ஒட்டிட்டா அடங்கிரும். பூனைக் கூண்டு, கம்பிக் கூண்டு வேணவே வேணாம், ஈரம் நிக்காது.

அடியில என்ன போடறது? மணல் போட்டா பாலைவனம் மாதிரி இருக்கும்ல?

பாக்க அழகா இருக்கும், ஆனா கீரையோட சேத்து மணல முழுங்கி வயித்துல கட்டிக்கும். மரத்தூள், பூனை மண்ணு, பழைய பேப்பர் இதெல்லாமும் வேணாம். செடி விக்கிற கடையில தேங்காய் நார்த்தூள் கட்டி கிடைக்கும், தண்ணியில ஊறவெச்சு, புழிஞ்சு, மூணு விரல் ஒசரத்துக்குப் பரப்புங்க. கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. புட்டுக்கு மாவு பெசையற பதம்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா, அதைவிட சரியா எனக்கு சொல்லத் தெரியல.

தோட்டத்து மண்ண வாரிட்டு வராதீங்க. பாராகுவாட் களைக்கொல்லிய 2020 ஜனவரி ஒண்ணாந்தேதியிலேருந்து நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்கதான், ஆனா வேற களைக்கொல்லி அடிக்கிறது நிக்கல.

நம்ம ஊரே அடுப்பு மாதிரி கொதிக்குது, பல்பு எதுக்கு?

நல்ல கேள்வி. ஆமை வளக்குறதப் பத்தி கிடைக்கிற விஷயம் முக்கால்வாசி குளிர் ஊர்க்காரங்க எழுதனது. அங்க வீட்ட சூடாக்கறதுதான் பிரச்சனை. நம்ம பிரச்சனை வேற: வெளிய சூடும் ஈரமும் சும்மாவே கிடைக்குது, நாமதான் குட்டிய ஏர்கான் ரூமுக்குள்ள கொண்டுபோய் வெச்சு, மேல ஒரு கொள்ளிப் பல்ப மாட்டி, காயப் போட்டுக் கொல்றோம்.

ஏர்கான் இல்லாத ஹால்ல பகல்ல முப்பது டிகிரிக்கு மேல தானா இருக்கும், அது போதும். ஆனா குட்டி ஒடம்ப நல்லா சூடேத்திக்க ஒரே ஒரு எடத்துல முப்பத்தஞ்சிலேருந்து முப்பத்தேழு வேணும், அப்பதான் தின்னது செரிக்கும். அதுக்கு ஒரு மூலையில அம்பது வாட் ஹாலஜன் போதும், நூறெல்லாம் வேணாம். எல்.இ.டி பல்பு மாட்டிட்டு சூடே வரலயேன்னு என்னைக் கூப்புட்டவங்க மூணு பேரு, எல்.இ.டி-யில வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பல்பு எவ்ளோ ஒசரம்ங்கறத கண்ணால முடிவு பண்ணாதீங்க, ஓட்டு ஒசரத்துல தெர்மாமீட்டர் வெச்சு அரை மணி நேரம் கழிச்சுப் பாத்துட்டு சங்கிலிய ஏத்தி எறக்குங்க.

வயர்மேனா ஒரு வார்த்தை. ஹோல்டர் பீங்கான்ல இருக்கணும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிரும். பல்ப கிளிப் போட்டு மட்டும் மாட்டாதீங்க, கிளிப் ஒருநாள் நழுவும், கீழ காஞ்ச நாரு இருக்கு, மூடி பிளாஸ்டிக்கு, அப்புறம் வீடே போயிரும். சங்கிலி ஒண்ணு, அது அறுந்தா தாங்க இன்னொரு கம்பி. பன்னண்டு மணி நேரத்துக்கு டைமர் போட்டுருங்க. ராத்திரி எந்தக் கலர்லயும் வெளிச்சம் வேணாம், செவப்பு பல்பும் சேத்துதான்.

யு.வி.பி பல்புனு ஒண்ணு தனியா விக்கறாங்களே, வாங்கியே ஆகணுமா?

சூடு வேற, யு.வி.பி வேற. யு.வி.பி-ங்கறது வெயில்ல இருக்கற, கண்ணுக்குத் தெரியாத ஒரு புற ஊதாக் கதிர். யு.வி.பி தோல்ல பட்டாதான் வைட்டமின் டி3 ஆவும், அது இல்லாட்டி எவ்ளோ கால்சியம் குடுத்தாலும் எலும்புல சேராது, ஓடு ரப்பர் மாதிரி அமுங்கும். இதுல நமக்கு ஒரு அதிர்ஷ்டம், வெளிய வெயில் இருக்கு. வாரத்துல நாலஞ்சு நாளு, காலையில பசியாறிட்டு எட்டரை ஒம்பது மணிக்கு அரை மணி நேரம் நேரடி வெயில்ல விட ஆள் இருந்தா பல்பு இல்லாமயே ஓட்டிரலாம். எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் ஓடற வீடா இருந்தா டி5 யு.வி.பி டியூப் வாங்குங்க, வருஷத்துக்கு ஒருதடவ மாத்துங்க, எரிஞ்சுக்கிட்டு இருந்தாலும் யு.வி.பி கொறைஞ்சிருக்கும். சுருள் பல்ப நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல.

ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல சேராது, கண்ணாடி யு.வி.பி-ய முக்காலே மூணுவீசம் தடுத்துரும். அதைவிட முக்கியம், கண்ணாடித் தொட்டியையோ மூடி போட்ட பெட்டியையோ தூக்கி வெயில்ல வெக்கவே கூடாது, பத்து நிமிஷத்துல உள்ள அவிஞ்சிரும். வாயகலமான பேசின்ல விட்டு பாதிய பலகையால மூடி நெழல் பண்ணுங்க, மேல ஒரு வலை போடுங்க, காக்கா தூக்கிரும்.

கோவிட் சமயத்துல கிருமி கொல்லற யு.வி.சி விளக்குனு வித்தாங்களே, அத வீட்ல சும்மா இருக்குன்னு மாட்டிராதீங்க. ஒருத்தர் மாட்டப் போனாரு, நல்லவேளை முன்னாடியே என்கிட்ட கேட்டாரு. ஆமைக் கண்ணும் போகும், உங்க கண்ணும் போகும்.

இவ்ளோ ஈரம் வெச்சா சளி புடிக்காதா?

இதுக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா நான் கெடுத்தது இதுலதான்.

போண்டாவ வாங்கனப்போ, சல்காட்டா ஆப்பிரிக்காவுல சகாரா ஓரத்து ஆமை, காய்ஞ்ச எடமா வெச்சாதான் நல்லதுனு கடையில சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்து பெட்ரூம்ல, ஏர்கானுக்கு நேரா கீழ, மூடியில்லாத பெட்டியில பேப்பர் விரிச்சு, நூறு வாட் பல்பு மாட்டினேன். ஏழெட்டு மாசத்துல ஓட்டுல ஒவ்வொரு கட்டமும் தனித்தனியா எழும்பி, ஆப்பச்சட்டிய கவுத்து கவுத்து அடுக்கின மாதிரி ஆயிடுச்சு. அப்புறமாத்தான் ஈரம் அளக்குற மீட்டர் ஒண்ண வாங்கி உள்ள வெச்சேன், முப்பத்தஞ்சு காட்டுச்சு. வெளிய மழை கொட்டிக்கிட்டு இருக்கு, உள்ள முப்பத்தஞ்சு சதவீதம்! ஏர்கான் காத்து ஏற்கனவே காஞ்ச காத்து, அத பல்பு இன்னும் சூடாக்கினா இன்னும் காஞ்சிரும், கணக்கு சிம்பிள்தான், எனக்குத்தான் தோணல.

சகாரா ஓரத்துல குட்டி வெயில்ல சுத்தறதில்ல, மண்ணுக்கு அடியில, செடி வேருக்குள்ள, ஈரமான பொந்துல கெடக்கும். 2003-ல வியன்னாவுல சல்காட்டா குட்டிங்கள வெச்சே ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாங்க: காய்ஞ்ச எடத்துல வளந்ததுக்கு ஓடு மேடு மேடா போச்சு, ஈரத்துல வளந்ததுக்கு அந்த அளவுக்கு இல்ல, புரதம் கூட்டிக் கொறைச்சுக் குடுத்ததுல பெருசா வித்தியாசம் இல்ல. அதனால எண்பது சதவீதத்துக்குப் பக்கத்துல வையுங்க. சளி புடிக்கிறது ஈரமும் குளிரும் சேர்ந்தாதான். சூடும் ஈரமும் சேர்ந்தா ஒண்ணும் ஆவாது, உளுந்த அப்படித்தான் வளத்தேன், ஓடு கூழாங்கல் மாதிரி வழவழனு இருக்கு.

அப்போ ஏர்கான் ரூம்ல வெக்கவே கூடாதா? வேற எடம் இல்லண்ணே, தாமான் வீடு, சின்னது.

வெக்கலாம், செலவு கூடும். மூடி நல்லா பொருந்தணும், பீங்கான் ஹீட்டர் ஒண்ணு தெர்மோஸ்டாட்டோட போட்டு ராத்திரியும் இருபத்தேழுக்குக் கீழ போகாம பாத்துக்கணும். சமையக்கட்டுக்கு வெளிய, துணி மடிக்கிற எடத்துல ஒரு மேசை போட முடியுமானு மொதல்ல பாருங்க, சும்மாவே வேலை முடிஞ்சிரும்.

தண்ணி எதுல வெக்கிறது?

பூச்சட்டிக்கு அடியில வெக்கிற மண் தட்டு, அத விளிம்பு வரைக்கும் நார்ல புதைச்சிருங்க, குட்டி நடந்து உள்ள போயி நடந்து வெளிய வரணும். எங்க வீட்ல அம்மா ரப்பர் மரம் சீவின காலத்து, பால் புடிக்கிற மங்கு ஒண்ணு கெடந்துச்சு, ஆசையா அதுல தண்ணி வெச்சேன். ஒருநாள் பாத்தா குட்டி அதுக்குள்ள மல்லாந்து, நாலு காலும் காத்துல, கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா அவ்ளோதான். மங்கு இப்ப சாமி மேடையில பூ வெக்க இருக்கு.

தட்டுல தண்ணி இருக்கே, தனியா குளிப்பாட்டணுமா?

ஆமா. மொத வருஷம் தெனம் காலையில, வெதுவெதுப்பான தண்ணியில, தாடை ஒசரத்துக்கு மேல போகாம, பதினஞ்சு இருபது நிமிஷம். அதுலயே குடிக்கும், அதுலயே வெளிக்கும் போயிரும், பெட்டியும் சுத்தமா இருக்கும். சோப்பு வேணாம்.

வெள்ளையா மாவு மாதிரி ஒண்ணு போவுது, வயித்துக்கோளாறா?

யூரிக் அமிலம்தான், பறவைக்கும் அப்படித்தான். பல்பசை மாதிரி கொழகொழனு இருந்தா சரி. மணல் மாதிரி நறநறனு இருந்தா தண்ணி பத்தலனு அர்த்தம், குளியல ரெண்டு வேளையாக்குங்க.

சாப்பாடு? சோறு, ரொட்டி குடுத்தா ஆசையா தின்னுது.

ஆசையாத்தான் திங்கும். சோறு, ரொட்டி, பூனைத் தீனி, பழம் எல்லாத்தையும் நிறுத்துங்க, புல்லும் எலையும்தான் அதோட சாப்பாடு. செம்பருத்தி எலையும் பூவும் தெனம் குடுக்கலாம், தேசிய மலர்னு வீட்டுக்கு வீடு நிக்குது, காசு கெடையாது. மல்பரி எலை, இளசான புல்லு, முள்ளு எடுத்த சப்பாத்திக்கள்ளி, கொஞ்சம் முருங்கைக்கீரை. கங்கோங், பாயாம் கீரையில ஆக்ஸலேட் இருக்கு, கால்சியத்தப் புடிச்சு வெச்சுக்கும், எப்பவாச்சும் ஒருநாள் பரவாயில்ல. வெள்ளரிக்காய் வெறும் தண்ணி.

புல்ல ரோட்டோரத்துலயும் செம்பனை ஓரத்துலயும் அறுக்காதீங்க, மருந்து விஷயம் மேல சொன்னேன். கால்சியத்துக்கு பாசார்ல மீன்காரர்கிட்ட கணவாய் ஓடு கேளுங்க, தூக்கிப் போடறததானே, சும்மாவே குடுப்பாரு. ரெண்டு நாள் தண்ணியில ஊறவெச்சு உப்பு போனதும் காயவெச்சு பெட்டியில போட்டுருங்க, வேணும்ங்கறப்போ அதுவே கடிச்சுக்கும்.

எறும்பு வருது, மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீங்க. அந்தக் காலத்துல லயத்து வீட்ல சாப்பாட்டு அலமாரி காலுக்கு என்ன பண்ணுவாங்க? அதேதான். நாலு பழைய மைலோ டின்ன வெட்டி தண்ணி ஊத்தி மேசைக் கால உள்ள நிறுத்துங்க, வாரம் ரெண்டு தடவ தண்ணிய மாத்துங்க, இல்லாட்டி கொசுப்புழு வெச்சு டெங்கிகாரங்க வந்து சம்மன் குடுத்துருவாங்க. மேசை சுவத்துல ஒட்டக்கூடாது, வயர் வழியாவும் ஏறும், வயர்ல கொஞ்சம் வாசலின் தடவுங்க. தின்னு மிச்சம் இருக்கறத சாயங்காலமே எடுத்துருங்க. செவப்பெறும்ப சாதாரணமா நெனைக்காதீங்க, குட்டியோட கண்ணத்தான் மொதல்ல புடிக்கும்.

சாமி மேடைக்குப் பக்கத்துல வெக்கலாமா? விசேஷம்னு சொல்றாங்க.

சாம்பிராணிப் புகை அதோட நுரையீரலுக்கு ஆவாது, கொசுவத்தியும் அப்படித்தான். டெங்கிக்கு புகையடிக்க வர்றாங்கன்னா பெட்டியோட காடியில வெச்சு ரெண்டு மணி நேரம் வேற எடத்துக்குப் போயிருங்க, காடிய வெயில்ல நிறுத்தி குட்டிய விட்டுட்டுப் போயிராதீங்க.

பாட்டி திட்றாங்க. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதாமே?

எங்கம்மாவும் இதத்தான் சொன்னாங்க, ஒரு மாசம் எனக்கு கொழம்பு ஊத்தல. பக்கத்து வீட்டு சீனத்துப் பாட்டி வந்து ஆமை இருக்கற வீட்ல ஆயுசு கெட்டினு சொன்ன அப்புறம்தான் கொஞ்சம் எறங்கி வந்தாங்க. கூர்ம அவதாரத்த எடுத்துவிட்டுப் பாருங்க, சில பாட்டிங்களுக்கு வேலை செய்யும்.

ஒண்ணு தனியா பாவமா இருக்கே, ரெண்டா விடலாமா?

அதுக்கு பாவமெல்லாம் இல்ல, நமக்குத்தான். ரெண்டு குட்டிய ஒரே பெட்டியில விட்டா ஒண்ணு பெருசாவும், இன்னொண்ணு ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்காம காஞ்சு போகும். சண்டை போடற மாதிரியே தெரியாது, ஒண்ணு எப்பவும் இன்னொண்ணு மேல ஏறிப் படுத்துக்கும், நாம பாசம்னு போட்டோ எடுப்போம். என்கிட்ட ரெண்டும் தனித்தனி எடத்துல.

சின்னப் புள்ளைங்க தொடலாமா?

தொடலாம், ஒடனே சோப்பு போட்டு கை கழுவணும், சால்மொனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவுல நாலு அங்குலத்துக்குக் கொறைஞ்ச ஆமைய விக்கவே கூடாதுனு 1975-லேருந்து தடை, காரணம் இதுதான், புள்ளைங்க வாயில வெச்சுக்கிட்டதுதான். குளிப்பாட்டற பேசின சமையக்கட்டு சிங்க்ல கழுவாதீங்க.

நாள் பூரா தூங்குது, குளிர்கால ஒறக்கமா?

சல்காட்டாவுக்கு அப்படி ஒரு ஒறக்கமே கெடையாது. குட்டி நெறைய தூங்கறது சகஜம், ஆனா குளிப்பாட்டினாலும் கண்ண தெறக்கலனா, தீனிய ரெண்டு மூணு நாள் தொடலனா, மொதல்ல சூட்ட அளந்து பாருங்க. மூக்குல நுரை, வாயத் தெறந்து மூச்சு வாங்கறது, மூச்சு விடறப்போ விசில் சத்தம், இதுல ஒண்ணு இருந்தா அன்னைக்கே ஈப்போவுக்குக் கெளம்புங்க, ஊர்வன பாக்கற டாக்டரானு போன்ல கேட்டுட்டுப் போங்க. சமையல் தராசுல வாராவாரம் எடை எழுதி வெச்சிருந்தா டாக்டருக்கும் லேசு.

ஓட்டுல ஏற்கனவே மேடு விழுந்துருச்சு, சரியாகுமா?

விழுந்தது போகாது. மேல சொன்ன மாதிரி ஈரத்துக்கு மாத்திட்டா புதுசா வளர்ற வளையம் சமமா வரும். போண்டாவுக்கு நடுவுல ஆப்பச்சட்டி, ஓரத்துல வழவழப்பு, ரெண்டு வேற ஆமைய ஒட்டவெச்ச மாதிரி.

எத்தனை வருஷம் இந்தப் பெட்டியில வெக்கலாம்?

வருஷமா? ஒன்றரை, ரெண்டுக்கே பத்தாது. சல்காட்டா முழுசா வளந்தா நாப்பது அம்பது கிலோ, கலப்பாகோஸ், அல்டாப்ராவுக்கு அடுத்து உலகத்துலயே மூணாவது பெரிய தரை ஆமை, எழுபது வருஷம் வரைக்கும் கூட இருக்கும். கொல்லையில மண்ணத் தோண்டி பொந்து போடும், ஜிங்க் வேலிய தள்ளிட்டுப் போகும். வெளிய எடம் இல்லாத பிளாட் வீடுனா இந்த இனத்த வாங்காதீங்கனுதான் சொல்லுவேன், வாங்கினவங்ககிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன், கோவிச்சுக்கிட்டாங்க.

தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போறோம், என்ன பண்றது?

நல்லா இருக்கற குட்டினா நாலு நாள் திங்காம தாங்கும், ஆனா தண்ணியும் ஈரமும் இல்லாம தாங்காது, சூட்டுப் பல்பு யாரும் இல்லாத வீட்ல எரியறதும் எனக்குப் புடிக்காது. தண்ணித் தட்ட நெரப்பி, நார நல்லா நனைச்சு, ஹாலஜன அணைச்சுட்டு, மூடிய மூடி, பக்கத்து வீட்ல ஒருத்தர்கிட்ட சாவிய குடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு செம்பருத்தி எலை போடச் சொல்லுங்க. சோறு போட வேணாம்னு ரெண்டு தடவ சொல்லுங்க. நான் ஒரு தடவதான் சொன்னேன், திரும்பி வந்து பாத்தா பெட்டிக்குள்ள அரை முறுக்கு.